கென் தாத்தா உண்மையில் ஓர் ஆசானா?

கொக்குக்கால்:

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற வீடியோ சண்டை விளையாட்டில் சிவப்பு உடையும் மஞ்சள் முடியுமாக வரும் அமெரிக்கரும் கென், வெள்ளைத் தாடியோடு வரும் சீனக் கிழவரும் நம் எழுத்தில் கென்தான், ஏனென்றால் தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே 'க'. அதனால் இந்த இழை முழுக்கக் கிழவரைத் தாத்தா என்றே எழுதுகிறேன். நீங்களும் அப்படியே எழுதினால் நல்லது.

பத்து நாளாக அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இல் தாத்தாவை மட்டும் வைத்து ஆடிக்கொண்டிருக்கிறேன். சண்டை விளையாட்டுகளில் கிழட்டு ஆசான்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பாதிப் பேர் ஒரே அச்சில் வார்த்தவர்கள். தாடி இருக்கும், சாராயக் குடுவையோ தடியோ இருக்கும், புதிர் போட்டுப் பேசுவார்கள், நேரம் வந்ததும் ஓர் இளைஞனைத் தூக்கி எறிவார்கள். தாத்தா அந்த அச்சில் அடங்காதவர் என்பதுதான் என் கட்சி. இவ்வளவு வருடத்தில் நான் பார்த்த கிழவர்களில் இவரைத்தான் உண்மையாக வடித்திருக்கிறார்கள்.

1987-இல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரிலேயே இவர் இருக்கிறார். நாயகன் ரியூவை வைத்து ஆடும் நாம் சீனாவுக்குப் போனால் முதலில் லீ, அடுத்து இவர். அப்போது இவரை நாம் ஆட முடியாது, எதிரியாக மட்டுமே வருவார். நம் கைக்கு வந்தது 1996-இல், அதே தொடரின் ஆல்பா 2 வந்தபோது. வரும்போதே வேறு யாரிடமும் இல்லாத ஒன்றோடு வந்தார். மூன்று குத்துப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் கும்பிடுபூச்சி முறை, மூன்று உதைப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் கொக்கு முறை. முறை மாறினால் ஆறு பொத்தானின் அடிகளும் மாறும், சிறப்பு அடிகளும் மாறும். ஒருவரை ஆடப் பழகுகிறோம் என்று நினைத்து உட்கார்ந்தால் இரண்டு பேரைப் பழக வேண்டியிருக்கும்.

என்னை உலுக்கியது அந்த இரண்டு முறைகளின் ஜப்பானியப் பெயர்கள். பூச்சி முறைக்கு சோரியூ, கொக்கு முறைக்குக் கிரியூ. இந்த 'ரியூ' நாயகன் பெயர் இல்லை, மரபு என்று பொருள், அது எல்லாக் கலைக்கும் வரும் ஒட்டு. முன்னால் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள், இரண்டுமே சாவு வீட்டு எழுத்துகள். முதலாவது துக்கம் காப்பதைக் குறிப்பது, இரண்டாவது கிட்டத்தட்ட நாம் தீட்டு என்று சொல்வது. ஜப்பானில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பௌத்த வழக்கப்படி முதல் 49 நாளை இரண்டாவது எழுத்தாலும், ஏறக்குறைய ஒரு வருடத் துக்கத்தை முதல் எழுத்தாலும் சொல்வார்கள். அதாவது இந்த மனிதர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் சாவுக்குள்தான் நிற்கிறார். இதை எங்கேயும் வசனமாக வைக்கவில்லை, ஆட்டத்தில் அவர் நிற்கும் விதத்திலேயே வைத்துவிட்டார்கள்.

கதை பலருக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். தாத்தா கொலைகாரராக வாழ்ந்தவர். தீராத நோய் பிடித்திருக்கிறது. படுக்கையில் கிடந்து சாக விரும்பவில்லை, தனக்கு ஈடான ஒருவரோடு சண்டையிட்டு அங்கேயே விழ வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஈடான ஆள், தொடரின் கொடிய சண்டைக்காரர் அகுமா. ஆல்பா காலத்துக் கதையில் அகுமா தன் கொலை அடியை அவர்மேல் பிரயோகிக்கிறார். தாத்தா மனத்தை முழுக்க வெறுமையாக்கிக்கொண்டு அதிலிருந்து பிழைத்துவிடுகிறார். அப்போது அகுமாவுக்கு அவருடைய நோய் தெரிந்துவிடுகிறது. நோயாளியைக் கொல்வதில் அர்த்தமில்லை என்று பாதியில் போய்விடுகிறார். யோசித்துப் பாருங்கள், சாகத் தேடி வந்தவரை இரக்கப்பட்டு விட்டுவிட்டுப் போவதைவிட ஒரு வீரருக்கு வேறென்ன அவமானம் இருக்க முடியும்?

எட்டுத்திசை:

நீங்கள் சொல்வது எல்லாம் சரி. ஆனால் தலைப்பில் 'ஆசானா' என்று கேட்டிருக்கிறீர்கள், அந்தக் கேள்விக்கு உங்கள் பதிவில் ஒரு வரி பதில் இல்லை. ஆசான் என்றால் அவர் யாருக்காவது எதையாவது கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். தாத்தா யாருக்குக் கொடுத்தார்? அதே தொடரின் வீராங்கனை சுன் லீயின் அப்பாவுக்கு நண்பர், சுன் லீ சின்னப் பெண்ணாக இருந்தபோது கொஞ்சம் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார், அவ்வளவுதான். அப்புறம் அவருடைய முழு நினைப்பும் தன் சாவைப் பற்றியதுதான். நல்ல பாத்திரம், ஒப்புக்கொள்கிறேன். ஆசான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆசான் வேண்டுமென்றால் 1991-இல் வந்த ஃபேட்டல் ஃப்யூரியில் டங் ஃபூ ரூவைப் பாருங்கள். குள்ளமான தாடிக்கிழவர். உயிர்க்கோடு இறங்கியதும் உடம்பு வீங்கி மலை மாதிரி ஆகிவிடுவார். அந்த வேடிக்கையைப் பார்த்துவிட்டு எல்லோரும் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தத் தொடரின் மொத்தத் துயரமும் இவர் எடுத்த ஒரு முடிவிலிருந்துதான் கிளம்புகிறது. ஜெஃப் போகார்ட், கீஸ் ஹோவர்ட் இரண்டு பேரும் இவரிடம் பயின்றவர்கள். கலையின் மறைபொருளை ஜெஃபுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தார், கீஸ் ஜெஃபைக் கொன்றான். கொல்லப்பட்டவனும் மாணவன், கொன்றவனும் மாணவன். ஒரு குருவுக்கு இதைவிடப் பெரிய சுமை கிடையாது.

அதன்பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். ஜெஃப் எடுத்து வளர்த்த டெர்ரி, ஆண்டி என்ற இரண்டு பையன்களிடமும் பத்து வருடம் பயிற்சி எடுங்கள், பிறகு பழியைப் பற்றிப் பேசலாம் என்றார். சாவு விழுந்த வீட்டில் நிற்கும் சிறுவர்களிடம் பத்து வருடம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! டெர்ரி ஊர் ஊராகத் திரிந்து கற்றான், ஆண்டி ஜப்பானுக்குப் போய் ஷிரானுய் மரபில் சேர்ந்தான். 2016-இல் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 14 வந்தபோது கிழவர் மறுபடியும் இரண்டு பையன்களோடு வந்து நிற்கிறார், ஷுன்எய், மெய்டென்குன் என்று. ஷுன்எய்க்குத் தன் கைக்கு அடங்காத ஒரு சக்தி, அதை அடக்கக் கற்றுக்கொடுக்கிறார். முதல் தலைமுறையில் தன் கண்முன்னே எல்லாம் சிதறிப்போன பிறகும் மூன்றாவது தலைமுறைக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். ஆசான் என்ற சொல்லை நான் அவருக்குத்தான் கொடுப்பேன்.

சான்சின்:

நான் விளையாட்டை அதிகம் ஆடியவன் இல்லை, தம்பிக்குத் துணையாக உட்கார்ந்து பார்த்ததோடு சரி. கோஜு ரியூ கராத்தே பதினெட்டு வருடமாகப் பயில்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து நாலு வார்த்தை.

கும்பிடுபூச்சி முறை வட சீனத்தில் ஷாண்டோங்கைச் சேர்ந்தது. வாங் லாங் என்பவர் பூச்சி ஒன்று தன்னைவிடப் பெரிய பூச்சியை மடக்கியதைப் பார்த்து உருவாக்கினார் என்று கதை சொல்வார்கள். வெள்ளைக்கொக்கு முறை தெற்கே ஃபூஜியான். அதை உருவாக்கியது ஒரு பெண் என்பது மரபு, பெயர் ஃபாங் சிநியாங், விரட்டவிரட்ட நகராமல் நின்ற கொக்கிடமிருந்து கற்றாராம். ஒரே ஆள் வடக்கையும் தெற்கையும் சேர்த்து வைத்திருக்கிறார் என்றால் அவர் ஒரு குருவிடம் ஒட்டிக்கொண்டு இருந்தவர் அல்ல, தேடித்தேடிக் கற்றவர் என்று அர்த்தம். எழுதியவர்கள் இதை நினைத்தார்களோ இல்லையோ, எனக்கு அப்படித்தான் படுகிறது.

கொக்கு முறைக்கும் எனக்கும் நேரடி உறவே உண்டு. ஹிகாஒன்னா கான்ரியோ ஓகினாவாவிலிருந்து ஃபூஜோவுக்குப் போய்க் கற்றுவந்தார். அவருடைய மாணவர் மியாகி சோஜுன் தொடங்கியதுதான் கோஜு ரியூ. நாங்கள் முதல் நாளிலிருந்து செய்யும் சான்சின் கட்டாவை, அதாவது தனியாகச் செய்யும் அடிவரிசையை, ஃபூஜியான் கொக்கு முறைக்காரர்களும் தங்கள் வழியில் செய்கிறார்கள். அதனால் வெள்ளை உடை கராத்தேக்காரர்களும் இந்தக் கிழவரும் மோதுவதைப் பார்க்கும்போது எனக்கு அது அந்நியச் சண்டையாகத் தெரிவதில்லை. பெரியப்பா வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடக்கும் சண்டை மாதிரி இருக்கிறது.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. விளையாட்டில் கொக்கு முறைக்கு மாறினால் கிழவர் சுவரிலும் கூரையிலும் தாவுகிறார். நிஜக் கொக்கு முறை அப்படி அல்ல. நெருங்கி நின்று, உடம்பை ஓர் உதறு உதறி, ஒரு சாண் தூரத்தில் அடியைக் கொடுப்பது. கொக்கு எப்போதாவது அலைந்து பார்த்திருக்கிறீர்களா? உறுமீன் வரும்வரை ஒற்றைக்காலில் நிற்கும். என் ஆசானுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் தேய்ந்துவிட்டதால் குந்தி உட்கார மாட்டார். நாங்கள் பத்து அடி வைத்து முடிக்கும் வேலையை அவர் அரை அடி நகர்ந்து முடித்துவிடுகிறார். போன மாதம் நான் முழு வேகத்தில் குத்தினேன். அவர் தடுக்கவே இல்லை, என் முழங்கைக்குள் இரண்டு விரலை வைத்தார், அவ்வளவுதான், கை மரத்துப்போய்த் தொங்கியது. வயது ஏற ஏற அசைவு குறைகிறது, அசைவு குறையக் குறைய அதில் பொய் இல்லாமல் போகிறது. கிழட்டு ஆசான் என்றால் நான் எதிர்பார்ப்பது அந்தச் சிக்கனத்தைத்தான். கூரையில் தாவும் கிழவரிடம் அது இல்லை.

கொக்குக்கால்:

சான்சின் அண்ணே, நீங்கள் சொன்ன இரண்டு விரல் தாத்தாவிடமும் இருக்கிறது. ஆல்பா 2-இல் ஷிடென்கெட்சு என்று ஓர் அடி உண்டு, சாவுப்புள்ளி என்று பொருள் சொல்லலாம். நம்மூர் வர்மத்தை நினைத்துக்கொள்ளுங்கள், புள்ளியைத் தொட்டுவிட்டு விலகிக்கொள்வது. பட்டதும் எதிரியின் தலைக்கு மேலே எண்கள் இறங்குமுகமாக ஓடத் தொடங்கும், ஓடி முடிந்ததும் அவன் தலைசுற்றி நிற்பான். தன் நாட்களைத் தானே எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு நோயாளி, எதிராளியின் தலைமேல் ஒரு கடிகாரத்தை வைத்துவிட்டுப் போகிறார் பாருங்கள். இதற்காகத்தான் இந்தக் கிழவரை விடமாட்டேன் என்கிறேன்.

கூரைத் தாவல் பற்றிய உங்கள் குறை நியாயமானது. மறுக்கவில்லை.

எட்டுத்திசைக்கு ஒரு பாதிப் பதில். சாராயக் குடுவைக்காரர்களை நான் ஒரே அச்சு என்று சொன்னது ஷுன் டி-க்குப் பொருந்தாது, அதைத் திருத்திக்கொள்கிறேன். 1994 வர்ச்சுவா ஃபைட்டர் 2-இல் அவர் குடிக்கக் குடிக்கத் திரையில் குடித்த எண்ணிக்கை ஏறும், சில அடிகள் அத்தனை கிண்ணம் உள்ளே போனால்தான் கிடைக்கும். அதுவும் வயதையும் பழக்கத்தையும் பொத்தானுக்குள் கொண்டுவந்த நல்ல வேலை. அதே தொடரின் லாவ் சான் நம் தாத்தாவுக்கு இன்னும் நெருக்கம். லாவ் சமையல்காரர், தாத்தாவுக்கும் ஓர் உணவகம் உண்டு. லாவுக்கும் நான்காம் பாகத்தில் தீராத நோய் வருகிறது. வித்தியாசம், லாவ் வாரிசைத் தேடுகிறார், தாத்தா எதிரியைத் தேடுகிறார். எட்டுத்திசை கேட்டது இந்த இடத்தில்தான் வந்து குத்துகிறது, யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

தெம்பனிஸ்காரன்:

இவ்வளவு பேசிவிட்டு 2013-ஐ யாரும் எடுக்கவில்லையே! சிங்கப்பூர்க்காரன் நான், விட முடியுமா?

அந்த வருடம் ஜூலையில் லாஸ் வேகாஸில் ஈவோ, சண்டை விளையாட்டுகளுக்கான மிகப்பெரிய போட்டி. முந்தைய வருடம், 2012-இல், கொரியாவின் இன்ஃபில்ட்ரேஷன் பட்டம் வாங்கியிருந்தார், அகுமாதான் அவருடைய முதன்மை ஆயுதம். உலகமே அகுமாவைப் பார்த்துப் பயந்த காலம். 2013 இறுதிக்கு ஜப்பானின் டோகிடோ வந்தார், அவரும் அகுமா. எதிரே எங்கள் ஊர் சியான், ஹோ குன் சியான். அவர் எடுத்தது யாரை? தாத்தாவை.

அந்தக் காலத்தில் தாத்தாவை யாரும் எடுக்க மாட்டார்கள். கற்றுக்கொள்ளவே ஒரு வருடம் போய்விடும், அதற்குள் ரியூவையோ சகட்டையோ வைத்து நூறு பேரை ஜெயித்துவிடலாம் என்பார்கள். சியான் அந்த நேரத்தைக் கொடுத்திருந்தார். அங்கே ஞாயிறு இரவு, எங்களுக்குத் திங்கள் பகல். அலுவலகத்தில் நானும் இன்னொரு பையனும் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே கைபேசியில் பார்த்தோம், படம் நின்று நின்று வரும். பூச்சியில் இரண்டு அடி, அந்த அடி முடிவதற்குள் கொக்கு, மேலே தாவி மறுபக்கம் இறங்கும்போது டோகிடோவுக்கு எந்தப் பக்கம் தடுப்பது என்றே தெரியவில்லை. அடிக்கு அடி முறை மாறிக்கொண்டே இருந்தது. கடைசிச் சுற்றில் நாங்கள் இருவரும் எழுந்து நின்றுவிட்டோம், மேல் மாடியிலிருந்து ஒரு அக்கா இறங்கிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

சியான் ஜெயித்தார். கதையில் எந்த மனிதர் இரக்கப்பட்டுப் பாதியில் விட்டுவிட்டுப் போனாரோ, அதே அகுமாவை, உலகத்தின் மிகப்பெரிய மேடையில், கடைசி ஆட்டத்தில், தாத்தா கீழே போட்டார். கதை எழுதியவர்கள் கொடுக்காத முடிவை ஒரு சிங்கப்பூர்ப் பையனின் கை கொடுத்தது. டோகிடோ சாதாரண ஆள் இல்லை, நான்கு வருடம் கழித்து 2017-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் அதே அகுமாவை வைத்துப் பட்டம் வாங்கினார். அப்படிப்பட்டவரை ஜெயித்ததுதான் அது.

எட்டுத்திசை அண்ணன் தாத்தா யாருக்கு என்ன கொடுத்தார் என்று கேட்கிறார். அந்த வருடம் முழுக்க எங்கள் வட்டத்தில் எத்தனை பேர் தாத்தாவைப் பழக உட்கார்ந்தார்கள் தெரியுமா? பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள், நானும்தான் விட்டேன். ஆனால் பொறுமையாகப் பழகினால் அடிமட்டத்தில் இருக்கும் ஒன்றையும் உச்சிக்குக் கொண்டுபோகலாம் என்பதை நாங்கள் கற்றது அவரிடம்தான்.

பட்டறைப்பெண்:

எல்லோரும் ரசித்து எழுதியிருக்கிறீர்கள். நான் வேறு மாதிரி எழுதப் போகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். நாற்பது வருடம் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்றவர். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு எட்டு மாதம் இருந்தார். அந்த எட்டு மாதமும் அவர் கேட்டது ஒன்றுதான், என்னைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போ. கிருமி தொற்றும், தூசி ஆகாது, விழுந்தால் ரத்தம் நிற்காது என்று டாக்டர் சொல்கிறார், இவர் ஒரு ஷாஃப்ட் மட்டும் கடைந்துவிட்டு வருகிறேன் என்கிறார். இரண்டு முறை எங்களுக்குத் தெரியாமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். இரண்டாவது முறை அங்கேயே மயங்கி விழுந்து, மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தார். அந்த மூன்று வாரத்தில் அம்மா பாதியாக இளைத்துப்போனார்.

அதனால் சாகும்போது களத்தில் சாக வேண்டும் என்கிற ஆளைக் கதையில் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருப்பதில்லை, கோபம்தான் வருகிறது. தாத்தா அகுமாவைத் தேடி மலை ஏறுகிறார், சரி. சுன் லீக்கு ஏற்கனவே அப்பா இல்லை. அப்பாவின் ஸ்தானத்தில் மிச்சமிருக்கும் ஒரே கிழவரும் தன் சாவைத் தேடிக் கிளம்புகிறார். அவள் என்ன ஆவாள் என்று ஒரு காட்சியிலாவது அவர் உட்கார்ந்து யோசித்தாரா? கொக்குக்கால் அகுமா விட்டுவிட்டுப் போனதை அவமானம் என்றார். எனக்கு அந்தக் கதையில் பிடித்த ஒரே செயல் அதுதான். அகுமா தன் குருவையே கொன்றவன், அவன்கூட அந்த இடத்தில் கையை இறக்கினான்.

எட்டுத்திசை:

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டெட் ஆர் அலைவ் தொடரில் ஜென் ஃபூ என்று ஒரு கிழவர் உண்டு, 1996 முதல் பாகத்திலேயே வருகிறார். புத்தகக் கடைக்காரர். நோய் அவருக்கு இல்லை, பேத்தி மெய் லினுக்கு. அவளுடைய வைத்தியச் செலவுக்காகப் போட்டியில் இறங்குகிறார். நான்காம் பாகத்தில் எலியட் என்ற மாணவன் களத்துக்கு வருகிறான். இந்தக் கிழவரைப் பற்றி யாரும் இழை போடுவதில்லை, ஏனென்றால் அவருக்குப் பெரிய வைராக்கியம் எதுவும் இல்லை, வீட்டில் ஒரு பிள்ளை படுத்திருக்கிறது, காசு வேண்டும், அவ்வளவுதான். நம் வீட்டுக் கிழவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். இதை நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கொக்குக்கால்:

அக்கா, முதலில் மன்னிப்பு. அவமானம் என்று நான் எழுதியபோது சண்டை போடும் ஆளின் பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்த்தேன், வாசலில் நின்றுகொண்டிருப்பவர்கள் என் கண்ணில் படவில்லை. சுன் லீயைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 கதையைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அவர் அவளோடு பேசுகிறார், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை.

எட்டுத்திசை சொன்னதும் சரிதான். ஆசான் என்ற சொல்லை நான் அவசரப்பட்டு எடுத்துவிட்டேன். தாத்தாவிடம் இருப்பது கலை. அதைக் கொடுக்கும் மனம் அவரிடம் குறைவு. ஒரு வேளை கொலைத் தொழிலில் இருந்தவருக்குக் கொடுக்கத் தயக்கம் இருந்திருக்கலாம், தன் கையில் இருப்பது அடுத்த தலைமுறைக்கு வேண்டாத சொத்து என்று நினைத்திருக்கலாம். துக்கமும் தீட்டும் என்று பெயர் வைத்த இரண்டு முறைகளை ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படி ஒப்படைப்பது? சுன் லீயின் ஆட்டத்தில் பூச்சியும் இல்லை, கொக்கும் இல்லை, கவனித்தீர்களா? அவளுக்கு வேறு ஏதோ கற்றுக்கொடுத்திருக்கிறார். தன்னுடையதைத் தன்னோடு வைத்துக்கொண்டார். இது என் ஊகம்தான், கதையில் இப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் இனி அவரை ஆடும்போது எனக்கு இது மனதில் வராமல் இருக்காது.

சான்சின் அண்ணே, உங்கள் ஆசான் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாரா? கேட்க வேண்டும் என்று தோன்றியது.

சான்சின்:

இல்லை. ஒரு கட்டாவைக் காட்டவே மாட்டேன் என்கிறார். பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு முறை, அதிகாலையில் நான் சீக்கிரம் போய்விட்டபோது தனியாகச் செய்துகொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அதில் எனக்கு வருத்தம் இருந்தது. இன்று உங்கள் பதிவைப் படித்த பிறகு அந்த வருத்தம் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வாரம் போகும்போது வாயைத் திறந்து கேட்கப் போகிறேன்.

புதுக்கை:

பெரிய விஷயங்களுக்கு நடுவில் சின்னக் கேள்வி, மன்னிக்கவும். இதைப் படித்துவிட்டுத் தாத்தாவை எடுத்தேன். கையில் பிடித்து ஆடும் பேடில் மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்தவே வரவில்லை, முறை மாறுவதற்குள் அடி வாங்கிவிடுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

தெம்பனிஸ்காரன்:

மூன்று குத்துகளையும் ஒரே பொத்தானுக்கும், மூன்று உதைகளையும் இன்னொரு பொத்தானுக்கும் ஒதுக்கிக்கொள்ள அமைப்பிலேயே இடம் இருக்கிறது. மேலே இருக்கும் தோள் பொத்தான்களில் போட்டுக்கொள்ளுங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதல் வாரம் கொக்கைத் தொடாதீர்கள். பூச்சியிலேயே நின்று ஆடுங்கள். அவருடைய மேல்நோக்கி ஏறும் உதை கெகிரோ, அதை மட்டும் பழகுங்கள். ஒவ்வோர் உதையும் படும் நேரத்தில் பொத்தானை மறுபடி தட்டினால்தான் அடுத்த உதை வரும், அவசரப்பட்டு உலுக்கினால் பாதியில் நின்றுவிடும். காதால் பழகுவது எளிது, படும் சத்தம் கேட்டதும் தட்டுங்கள். அது கைக்கு வந்தபிறகு, ஓர் அடி அடித்துவிட்டு முறை மாறுவது, மறுபடி ஓர் அடி, மறுபடி மாறுவது என்று ஆளே இல்லாத பயிற்சி அறையில் தினமும் கால் மணி நேரம். எதிரியோடு ஆடும்போது ஜெயிப்பதைப் பற்றி ஒரு மாதத்துக்கு நினைக்கவே வேண்டாம். நான் இரண்டாவது வாரத்தில் விட்டவன், ஆனால் எங்கே விட்டேன் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. முறை மாறியதும் கை பழைய முறையின் அடியைத் தேடும், அந்த இடத்தில்தான். அதைத் தாண்டிவிட்டால் எனக்கும் சொல்லுங்கள், நானும் மறுபடி எடுக்கிறேன்.

பட்டறைப்பெண்:

கொக்குக்கால், மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்பா போவதற்குப் பத்து நாள் முன்பு, பட்டறையில் வேலை செய்த பையன் ஒரு புஷ் கடைந்து வீட்டுக்கே எடுத்து வந்தான். அப்பா படுத்தபடியே மைக்ரோமீட்டரை வாங்கி அளந்தார், கை நடுங்கியது, நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அளவு சரியாக இருக்கிறது என்றார், ஆனால் உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, கடைசி வெட்டில் டூல் முனை மழுங்கியிருக்கிறது, தீட்டிக்கொள் என்றார். அந்தப் பையன்தான் இப்போது பட்டறையை நடத்துகிறான். போன வாரம் போயிருந்தேன், டூலைத் தீட்டிவிட்டுக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்க்கிறான், அப்பா மாதிரியே.

புதுக்கை, நீங்கள் பழகி முடித்ததும் இங்கே எழுதுங்கள். எனக்கும் பார்க்க ஆசை.